மெதுவாக ஓடத் தெரிந்த எஞ்சின்

(மாதிரி ரயில் டீசல் எஞ்சின்களைப் பற்றித் திருச்சியில் ஒரு நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மாதிரி ரயில் என்றதும் பலருக்கும் நினைவில் ஓடுவது கரி எஞ்சின்தான். புகைபோக்கி, ஆளுயரச் சக்கரங்கள், அவற்றைக் கோத்து ஆடும் தண்டுகள், ஊரைக் கூட்டும் கூவல். நான் பேச வந்திருப்பது அதைப் பற்றி அல்ல. டீசல் எஞ்சின் மாதிரிகளை வைத்திருப்பது, ஓட்டுவது, பராமரிப்பது பற்றி. அமெரிக்காவில் இது ஆழமாக வேரூன்றிய பொழுதுபோக்கு. அங்கே வேலை பார்த்த காலத்தில் ஒரு மாதிரி ரயில் மன்றத்தில் சேர்ந்திருந்தேன். என் பேச்சில் வரும் எஞ்சின்களும் ஊர்களும் பெரும்பாலும் அந்த நாட்டைச் சேர்ந்தவை. நம் பொன்மலை ரயில்வே ஷெட்டுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வீட்டுக்கு வருகிறவர்கள் எஞ்சினைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, “என்ன ஸ்பீடு போகும்?” என்பது. எந்த மலிவு எஞ்சினும் வேகமாகப் போகும். மோட்டாருக்குக் கரண்டைக் கொடுத்தால் பறக்கும். எவ்வளவு மெதுவாகப் போகும் என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. எஞ்சினின் தரம், தண்டவாளத்தின் சுத்தம், ஓட்டுகிறவரின் பொறுமை எல்லாம் அந்த ஒரு கேள்வியில் வெளியே வந்துவிடும்.

கதையை 1939-இலிருந்து தொடங்குகிறேன். அந்த ஆண்டு நவம்பரில், இல்லினாய் மாநிலத்து லா கிராஞ்ச் ஊரிலிருந்து 103 என்ற எண்ணோடு ஒரு டீசல் எஞ்சின் புறப்பட்டது. ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சொந்தமான எலக்ட்ரோ-மோட்டிவ் நிறுவனம் செய்த எஃப்.டி. வகை. நான்கு பகுதிகள் கோத்தது. ஒவ்வொன்றும் 1,350 குதிரைத்திறன், மொத்தம் 5,400. பதினொரு மாதத்தில் இருபது ரயில் கம்பெனிகளின் பாதைகளில் 83,764 மைல் ஓடிக் காட்டியது. தண்ணீருக்காக வழியெல்லாம் நிற்க வேண்டாம், சாம்பல் அள்ள வேண்டாம், நான்கு எஞ்சின்களையும் ஒரே டிரைவர் ஓட்டலாம் என்று கண்டபிறகு கம்பெனிக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். கரியைக் கடைசிவரை விடாமல் பிடித்திருந்த நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் கம்பெனியும் 1960-இல் கைவிட்டது. இருபது ஆண்டில் ஒரு யுகம் முடிந்தது.

கரி எஞ்சினை நேசித்தவர்கள் அழுதார்கள். மாதிரி செய்கிறவர்கள் இன்னும் அதிகமாக அழுதார்கள். சக்கரத்தின்மேல் வைத்த தகரப்பெட்டி இது, இதில் செய்வதற்கு என்ன இருக்கிறது என்று முகம் சுளித்தார்கள். அவர்களுடைய துக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மாதிரி ரயில் சாதாரணத் தொழிலாளியின் வீட்டுக்குள் நுழைந்தது அந்தப் பெட்டியால்தான் என்பது என் கட்சி.

ஏன் என்று பாருங்கள். கரி எஞ்சினின் உருளைக் கொதிகலனுக்குள் மோட்டாரைத் திணிக்கவேண்டும். சக்கரங்கள் ஒரே சட்டத்தில் விறைப்பாக இருப்பதால் வளைவில் முரண்டு பிடிக்கும். இணைப்புத் தண்டு ஒன்று இம்மி கோணினாலும் ஓட்டம் நொண்டும். டீசலில் இந்த வம்பு இல்லை. நிஜ எஞ்சினிலேயே இயந்திரமும் ஜெனரேட்டரும் மேலே உடம்பில். கீழே சக்கரங்களைத் தாங்கும் இரண்டு போகிகள். அச்சுக்கு ஒரு மோட்டார். மாதிரியில் நடுவில் ஒரே மோட்டார். அதன் இருபுறமும் தண்டு நீண்டு, முன் போகிக்கும் பின் போகிக்கும் போகிறது. எல்லாச் சக்கரமும் இழுக்கும். எல்லாச் சக்கரமும் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கும். எஞ்சினின் எடை முழுவதும் இழுக்கிற சக்கரங்களின்மேலேயே உட்காரும். போகிக்கு இரண்டு அச்சுள்ள எஞ்சின், 18 அங்குல ஆரமுள்ள வளைவில் தயங்காமல் திரும்பும். அமெரிக்காவில் நாலுக்கு எட்டடிப் பலகையில் வட்டப்பாதை போடுகிறவர்களுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

வியாபாரிகள் இதை முதலில் புரிந்துகொண்டார்கள். லயனல் என்ற பொம்மை ரயில் கம்பெனி 1948-இல் எஃப்3 டீசலின் மாதிரியை வெளியிட்டது. சாண்டா ஃபே கம்பெனியின் சிவப்பும் வெள்ளியும் பூசிய அந்த முகத்தை அமெரிக்காவில் இன்றும் எந்தக் கிழவரும் அடையாளம் சொல்வார். மாதிரியை வார்க்கும் அச்சு செய்யும் செலவில் சாண்டா ஃபே, நியூயார்க் சென்ட்ரல் ஆகிய ரயில் கம்பெனிகளும் ஜெனரல் மோட்டார்ஸும் பங்கு போட்டுக்கொண்டன. கிறிஸ்துமஸுக்குப் பையன் கையில் போகும் பொம்மை, அப்பாவுக்கு விளம்பரம். தந்திரம்தான். ஆனால் அழகான தந்திரம்.

லயனல் பெரிய அளவு, மூன்று தண்டவாளம். வீட்டுக்குள் இரண்டு தண்டவாளத்தில் நிஜம்போல ஓட்டவேண்டும் என்றவர்கள் எச்.ஓ. அளவுக்கு வந்தார்கள். நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். இந்த அளவில் டீசலை மலிவாக்கியவர் கலிஃபோர்னியாவின் இர்வின் ஆத்தர்ன். நீலநிற அட்டைப்பெட்டியில் பிளாஸ்டிக் கூடு, அடிச்சட்டம், கைப்பிடிக் கம்பிகள் தனித்தனியாக வரும், வாங்கினவரே கோத்துக்கொள்ளவேண்டும். அவருடைய ஆரம்பகால டீசல்களில் பற்சக்கரமே கிடையாது. மோட்டார் தண்டிலிருந்து அச்சுக்கு ரப்பர் பாண்டு! எஞ்சின் புறப்படும் என்பதைவிட எகிறும் என்று சொல்வதே சரி. பிற்பாடு பற்சக்கரம் வந்தது. மோட்டார் அகலம் கொஞ்சம் கூடுதல் என்பதால் எஞ்சின் கூட்டையே நிஜத்தைவிடத் தடிமனாகச் செய்துவிட்டார். அளவுகோல் வைத்துப் பார்க்கிறவர்கள் திட்டினார்கள். ஆனாலும் ஆளுக்குப் பத்து வாங்கினார்கள். 1980-களில் நியூ ஜெர்சியின் அட்லஸ் கம்பெனிக்காக ஜப்பானின் காட்டோ நிறுவனம் எஞ்சின்கள் செய்து கொடுக்கத் தொடங்கியபிறகுதான், சத்தமில்லாமல் ஊர்ந்து போகிற டீசல் கடையில் கிடைக்க ஆரம்பித்தது. அதற்குமுன் அப்படி ஒன்று வேண்டுமானால் நாமே பிரித்து, உரசி, மாற்றித்தான் செய்துகொள்ளவேண்டும்.

மேசைமேல் இருப்பதைக் கொஞ்சம் பாருங்கள். இது ஜி.பி.9. நிஜத்தில் 1954-இல் வந்த 1,750 குதிரைத்திறன் எஞ்சின். நாலாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். அரை நூற்றாண்டு கழித்தும் ஏதாவது ஒரு தானியக் கிடங்கின் பக்கம் வேகன் தள்ளிக்கொண்டிருந்த உழைப்பாளி. நிஜ நீளம் 56 அடிக்குச் சற்றுக் கூட. மாதிரியில் இருபது சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கூட்டைக் கழற்றுகிறேன். வேகனோடு கோக்கும் கப்ளிங்கைப் பிடித்திருக்கும் திருகை எடுத்தால் போதும், மேலோடு வந்துவிடும்.

நடுவில் மோட்டார். அதன் இரண்டு பக்கமும் பளபளவென்று பித்தளை உருளைகள். இவைதான் ஃப்ளைவீல். சக்கரத்தில் ஒரு தூசு பட்டு ஒரு கணம் மின்சாரம் அற்றுப்போனாலும் இவற்றின் சுழற்சி மோட்டாரை அடுத்த கணத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிடும். ஃப்ளைவீலிலிருந்து சின்ன பிளாஸ்டிக் மூட்டுகள் வழியாக ஒரு தண்டு போகிக்குள் இறங்குகிறது. அங்கே திருகுபோல மரை வெட்டிய வார்ம் கியர், அதற்கடியில் பற்சக்கரம். மோட்டார் பல சுற்று சுற்றினால் அச்சு ஒரு சுற்று. இந்த அமைப்பில் சக்கரத்தைக் கையால் தள்ளினால் நகராது, மோட்டார்தான் நகர்த்தவேண்டும். அதனால் இந்த எஞ்சினைத் தண்டவாளத்தில் கையால் தள்ளிப் பார்க்கும் குழந்தைகளைக் கொஞ்சம் விலக்கி வையுங்கள். பெரியவர்களையும்தான்.

இப்போது மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? கணக்குப் போடுவோம். அமெரிக்க யார்டுகளில் வேகனோடு எஞ்சினைக் கோக்கும்போது மணிக்கு நாலு மைலுக்கு மேல் போகக்கூடாது என்பது நடைமுறை. ஆள் நடக்கிற வேகம். அந்த வேகத்தில் ஒரு ஜி.பி.9 தன் உடல்நீளத்தைக் கடக்க ஏறக்குறைய பத்து விநாடி ஆகும். நிஜத்தில் பத்து விநாடி என்றால் மாதிரியிலும் பத்து விநாடி. இருபது சென்டிமீட்டர், பத்து விநாடி. விநாடிக்கு இரண்டு சென்டிமீட்டர். இதை மனதில் வைத்துக்கொண்டு, கடையில் ஓட்டிக் காட்டுகிற எந்த எஞ்சினையும் பாருங்கள். பெரும்பாலும் நம்மூர் சதாப்தியே வெட்கப்படும்படி வட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

இந்த வேகத்தில் எஞ்சின் திக்கினால் எல்லோரும் முதலில் மோட்டாரைச் சந்தேகிப்பார்கள். பெரும்பாலும் குற்றவாளி அழுக்கு. தண்டவாளம் நிக்கல் சில்வர் என்கிற உலோகம். பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும். அதன்மேல் எண்ணெய்ப் பிசுக்கும் தூசும் மின்பொறிக் கருப்பும் சேர்ந்து ஒரு படலம் கட்டும். சக்கரத்துக்கு அப்படியே ஏறும். மருந்துக் கடையில் கிடைக்கிற ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஒரு காகிதத் துண்டை நனைத்துத் தண்டவாளத்தின் குறுக்கே போட்டு, ஒரு போகியை அதன்மேலும் மற்றொன்றை வெறும் தண்டவாளத்திலும் நிறுத்தி, எஞ்சினைக் கையால் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுழலவிடுங்கள். காகிதத்தில் இரண்டு கருங்கோடு விழும். கோடு விழுவது நிற்கும் வரைக்கும் மாற்றி மாற்றிச் செய்யவேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. தேய்த்த கீறலில் அழுக்கு இன்னும் வேகமாகக் குடியேறும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அடுத்தது கட்டுப்பாடு. பழைய முறையில் தண்டவாளத்தில் கொடுக்கும் நேர்மின்சாரத்தின் அளவைக் கூட்டிக் குறைப்போம். தண்டவாளத்தில் எத்தனை எஞ்சின் நின்றாலும் எல்லாம் ஒரே நேரத்தில் நகரும். ஒன்றை நிறுத்தி ஒன்றை ஓட்டப் பாதையைத் துண்டு துண்டாக அறுத்து, துண்டுக்கு ஒரு ஸ்விட்ச் வைக்கவேண்டும். ரயிலை ஓட்டுகிறோமா, ஸ்விட்சை ஓட்டுகிறோமா என்று சலிப்பு வரும். 1980-களில் ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் வேறு வழி கண்டது. தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம். அந்த மின்சாரத்திலேயே செய்தி கலந்து வரும். எஞ்சினுக்குள் டிகோடர் என்ற சின்னச் சில்லு. ஒவ்வொன்றுக்கும் தனி விலாசம். மின்துருவம் மாறும் இடைவெளி 58 மைக்ரோ விநாடி என்றால் ‘ஒன்று’, 100 மைக்ரோ விநாடி என்றால் ‘சுழி’. இதை அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் எடுத்துக்கொண்டு 1990-களின் நடுவில் பொதுத்தரமாக்கியது. 1935-இல் மில்வாக்கியில் தொடங்கிய சங்கம் அது. அதனால்தான் ஒரு கம்பெனியின் டிகோடர் இன்னொரு கம்பெனியின் கட்டுப்பாட்டுக் கருவியில் வேலை செய்கிறது. நம் கைப்பேசி சார்ஜர்களுக்கு இந்தப் புத்தி வர எத்தனை காலம் பிடித்தது பாருங்கள்!

டி.சி.சி. என்ற இந்த முறையில் புதிய எஞ்சின் கடையிலிருந்து வரும்போது அதன் விலாசம் 3. வாங்கினவர் எஞ்சின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணையே விலாசமாக மாற்றிக்கொள்வார். பிறகு சி.வி. எனப்படும் அமைப்புகள்: எந்த மின்னழுத்தத்தில் புறப்படவேண்டும், உச்ச வேகம் என்ன, எவ்வளவு நிதானமாக வேகம் எடுக்கவேண்டும். கடைக்காரர் வைத்துத் தருகிற அளவு எல்லாம் வேகத்துக்கே. முதல் வேலையாக உச்ச வேகத்தைக் குறையுங்கள். அப்போதுதான் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலின் 128 படிகளும் உங்களுக்குப் பயன்படும். இல்லாவிட்டால் பாதிக்குமேல் சும்மா கிடக்கும்.

டீசலின் தனிப்பெருமை பல எஞ்சின்களைக் கோத்து ஒருவரே ஓட்டுவது என்று சொன்னேன். மாதிரியிலும் அதுதான் இதன் கிறக்கம். மூன்று எஃப்7 எஞ்சின், நாற்பது வேகன், கையில் ஒரு த்ராட்டில். ஆனால் ஒரு கம்பெனியின் எஞ்சின் பத்தாவது படியில் ஊரும்; அடுத்த கம்பெனியின் எஞ்சின் அதே படியில் நடக்கும். நடை ஒவ்வாத இரண்டு காளைகளை ஒரு நுகத்தில் பூட்டினால் என்ன ஆகுமோ அதுதான் நடக்கும்: ஒன்று இழுக்கும், மற்றது இழுபடும், நடுவில் கப்ளிங் முறுகும். இரண்டையும் வட்டப்பாதையில் எதிரெதிர்ப் புள்ளிகளில் விட்டு, ஒன்று மற்றதை எட்டிப் பிடிக்காமல் ஓடும் வரைக்கும் சி.வி.க்களைத் திருத்தவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். போகட்டும். மெதுவான எஞ்சினின் நடைக்கு வேகமானதை இறக்கவேண்டும். மறுதலையாக ஒருபோதும் முடியாது.

இனிப் பொன்மலைக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஆல்கோ என்றொரு கம்பெனி இருந்தது. நியூயார்க் மாநிலத்தில் ஷெனெக்டடி ஊர். ஜெனரல் மோட்டார்ஸோடு போட்டி போட்டுத் தோற்று, 1969-இல் எஞ்சின் செய்வதை நிறுத்தியது. அமெரிக்க ரசிகர்களுக்கு இன்றும் அந்தக் கம்பெனி மேல் தீராத பிரியம். புறப்படும்போது கக்குகிற கரும்புகை, டர்போவின் சீழ்க்கை, சும்மா நிற்கும்போதும் நெஞ்சு அடைத்தாற்போன்ற தாளம் தப்பின துடிப்பு. அந்தக் கம்பெனியின் 251 வகை இயந்திரத்தோடு 1962-இலிருந்து நம் நாட்டுக்கு வந்து, 1964 முதல் வாரணாசியில் செய்யப்பட்டதுதான் டபிள்யூ.டி.எம்.2. பதினாறு சிலிண்டர், 2,600 குதிரைத்திறன். பின்வரிசையில் ஒன்றாக வந்து உட்கார்ந்திருக்கும் ரயில்வே ஓய்வூதியக்காரர்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. பொன்மலை ஷெட்டில் எத்தனை பேருடைய காது அந்த எஞ்சினோடு பழகியதோ!

இப்போது வருகிற டிகோடர்களில் ஒலியும் உண்டு. நிஜ எஞ்சின் பக்கத்தில் மைக் வைத்துப் பதிவு செய்து, த்ராட்டிலின் படிகளான நாட்ச் ஒன்று முதல் எட்டு வரை தனித்தனியாக ஏற்றிவைக்கிறார்கள். ஆல்கோவின் செஞ்சுரி வகை எஞ்சின் மாதிரி ஒன்றில் 251-இன் ஒலியைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். எஞ்சினின் பக்கத்தில் பென்சில்வேனியா என்று எழுதியிருக்கும். காதில் விழுவது திருச்சி ஜங்ஷன். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸுக்காக நடைமேடையில் காத்திருந்தவர்களுக்கு அந்த ஒலியை யாரும் விளக்கவேண்டாம்.

ஒலியில் ஒரு நுணுக்கம். நிஜத்தில் டிரைவர் நாட்ச் போட்டதும் இயந்திரம் முதலில் உறுமும். வண்டி பிறகுதான் அசையும். பாரம் ஏறியிருந்தால் உறுமல் அதிகம், நகர்வு குறைவு. டிகோடரில் இந்த இடைவெளியைச் சரியாக அமைத்துவிட்டால் இருபது சென்டிமீட்டர் பொம்மைக்குக் கனம் வந்துவிடும். அமைக்காவிட்டால் மோட்டார் ஓடுகிறது, பாட்டும் ஓடுகிறது, அவ்வளவுதான். இன்னொன்று, சத்தத்தைக் குறைத்து வையுங்கள். விரல்நுனி அளவு ஸ்பீக்கரில் அடித்தொனி வராது. முழு ஒலியில் வைத்தால் தகரத்தைத் தட்டுகிற ஓசைதான் வரும். ஓர் அறையில் ஆறு எஞ்சின் முழுச் சத்தத்தில் நின்றால் அரைமணி நேரத்தில் வீட்டுக்காரர்கள் தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

நம் எஞ்சினையே மாதிரியாக ஓட்டலாமே என்று கேட்பீர்கள். ஓட்டுகிறவர்கள் உண்டு. ஒரு சிக்கல் மட்டும்: நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். 87-இல் ஒரு பங்கு என்றால் 19 மில்லிமீட்டருக்கும் சற்று அதிகம். கடையில் கிடைக்கிற எச்.ஓ. தண்டவாளம் 16.5. நம் எஞ்சினை அதில் ஏற்றினால் சக்கரங்கள் உள்ளே ஒடுங்கி நிற்கும். பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது. நேரே முகத்தைப் பார்த்தால், ரயில்வேக்காரர்களுக்கு உடனே தெரிந்துவிடும். இதற்காகத் தனித் தண்டவாளம் கையால் போடுகிறவர்கள் பெருந்தவசிகள். நான் அந்த ரகம் இல்லை.

வைத்திருப்பது பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும். ஒலியோடு கூடிய நல்ல எஞ்சின் இன்று அமெரிக்காவிலேயே இருநூறு, முந்நூறு டாலர். இங்கே கொண்டுவந்தால் அஞ்சலும் சுங்கமும் தனி. முன்பதிவு வாங்கிக்கொண்டு ஒரே தடவை செய்து விற்றுவிட்டு, அடுத்த வகைக்குப் போய்விடும் பழக்கம் தயாரிப்பாளர்களிடம் வந்துவிட்டது. விட்டால் கிடைக்காது என்ற பயத்திலேயே பலர் வாங்கிக் குவிக்கிறார்கள். பெட்டி பிரிக்காத எஞ்சின்களை அலமாரி அலமாரியாக வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். வைத்திருக்கட்டும், அவர்கள் பணம். ஆனால் ஓடாத எஞ்சின் அப்படியே இருக்கும் என்று நினைத்தால் அது பிழை. போகிக்குள் உள்ள கிரீஸ் இறுகி மெழுகாகும். அச்சைக் கவ்வியிருக்கும் பிளாஸ்டிக் பற்சக்கரம் சும்மா கிடந்தே விரிசல் விடும். பிறகு சக்கரம் சுற்றுக்கு ஒருமுறை ‘டக், டக்’ என்று குதிக்கும். துத்தநாகக் கலவையில் வார்த்த அடிச்சட்டத்தில் ஈயம் கொஞ்சம் கலந்திருந்தால் ஆண்டுகள் போகப்போக வீங்கி, வெடித்து, உதிரும். அதற்கு மருந்து கிடையாது. பற்சக்கரத்தை மாற்றலாம், கிரீஸைக் கழுவலாம். எண்ணெய் போடும்போது பிளாஸ்டிக்கைத் தின்னாத எண்ணெயாக, ஊசிமுனையால் ஒரு துளி. அதிகம் போட்ட எண்ணெய் சக்கரத்துக்கு வந்து தண்டவாளத்துக்குப் போய், நாம் துடைத்த அழுக்குக்கு மறுபடி அழைப்பு வைக்கும்.

கப்ளிங்கைச் சொல்லாமல் விட்டால் குற்றம். கீத், டேல் எட்வர்ட்ஸ் என்ற இரட்டையர் ஆரிகனில் தொடங்கிய கேடி கம்பெனியின் உலோகக் கப்ளிங்தான் அமெரிக்க வீடுகளில் வழக்கம். நிஜத்தைப் போலவே விரல் மடக்கிக் கோக்கும். அதன் உயரத்தை அளக்க ஒரு சின்ன உலோக அளவி விற்கிறார்கள். எஞ்சினுக்கு முன் அதை வாங்குங்கள். சரக்கு வண்டி பாதி வழியில் இரண்டாகப் பிரிந்து நிற்பதற்கு, கப்ளிங் உயரத்தில் உள்ள மயிரிழை வித்தியாசமே பெரும்பாலும் காரணம்.

ஓட்டுவது என்று எதைச் சொல்கிறேன்? வட்டத்தில் சுற்றவிட்டுக் காப்பி குடிப்பதை அல்ல. அதுவும் சுகம்தான், மறுக்கவில்லை. ஓஹையோ மாநிலத்தில் ஆலன் மெக்லெலண்ட் என்பவர் தம் வீட்டு நிலவறையில் வர்ஜினியன் அண்ட் ஓஹையோ என்ற கற்பனைக் கம்பெனியை அமைத்தார். அப்பலாச்சிய மலையின் நிலக்கரிப் பாதை. அவருடைய யோசனை எளிமையானது: நம் அறைக்குள் இருப்பது ஒரு நீண்ட ரயில்பாதையின் நடுத்துண்டு, வண்டிகள் வெளியுலகத்திலிருந்து வருகின்றன, வெளியுலகத்துக்குப் போகின்றன. சுவருக்குப் பின்னால் மறைத்த தண்டவாளங்கள்தான் வெளியுலகம். ஒவ்வொரு வேகனுக்கும் ஓர் அட்டை, எங்கிருந்து எங்கே, என்ன சரக்கு என்று. கன்ட்ரோலர் ஒருவர், யார்டு மாஸ்டர் ஒருவர், டிரைவர்கள் சிலர். நண்பர்கள் கூடி ஒரு மாலை முழுக்க ஒரு ரயில்வேயை நடத்துவார்கள். பொம்மைக்கு வேலை கிடைத்துவிட்டது.

சான் டியேகோவில் பால்போவா பூங்கா அருங்காட்சியகத்துக்குள் லா மேசா மன்றத்தார் தெஹாச்சபி கணவாயை எச்.ஓ. அளவில் கட்டியிருக்கிறார்கள். நிஜக் கணவாயில் 1876-இல் முடிந்த ஒரு சுருள்பாதை இருக்கிறது. நீளமான சரக்கு வண்டி அதில் ஏறும்போது எஞ்சின் மேலே, வாலிலுள்ள வேகன்கள் நேர் கீழே சுரங்கத்தில். தன் தலைக்கடியில் தன் வாலே நுழையும் காட்சி. மாதிரியிலும் அது அப்படியே நடக்கிறது. ஏற்றத்தில் பின்னாலிருந்து தள்ளும் எஞ்சினுக்குத் தனி டிரைவர். முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் ஒரே நிதானத்தில் போகாவிட்டால் வளைவில் வேகன்கள் சரிந்து விழும். ஹாம்பர்கின் மினியாட்டூர் வுண்டர்லாண்ட் 2001-இல் திறந்து உலகப்புகழ் பெற்றுவிட்டது. பார்க்கவேண்டிய இடம், பிரமிப்புதான். ஆனால் அங்கே கம்ப்யூட்டர் ஓட்டும், நீங்கள் பார்ப்பீர்கள். எனக்குத் தெஹாச்சபிதான் ரயில்.

அவ்வளவு பெரியதும் வேண்டாம். ஒரு சின்ன ஸ்டேஷன், ஒரு மரவாடி, இந்த ஜி.பி.9, நாலு வேகன் போதும். அட்டையைப் பார்க்கிறீர்கள்: மூன்றாவது வேகன் மரவாடிக்கு. மரவாடித் தண்டவாளத்தின் வாய் எஞ்சினுக்கு எதிர்முகமாக இருக்கிறது. இழுத்துக்கொண்டு நுழைந்தால் எஞ்சின் உள்ளே மாட்டிக்கொள்ளும். ஆகவே லூப்பில் வண்டியை நிறுத்தி, எஞ்சினைக் கழற்றி, சுற்றிவந்து, வால்பக்கம் கோத்துத் தள்ளவேண்டும். கழற்றுவதற்குக் கையில் கூர்சீவிய மூங்கில் குச்சி. கப்ளிங்கின் இடுக்கில் வைத்து லேசாகத் திருப்பினால் விரல் விரியும். நாட்ச் ஒன்று, உறுமல், அசைவு. பாதை பிரியும் பாயிண்டைத் தாண்டி நிற்கிறீர்கள். பாயிண்ட் மாற்றுகிற ஆள் நிஜத்தில் நடந்துவரும் நேரம் காத்திருக்கிறீர்கள். பிறகு விநாடிக்கு இரண்டு சென்டிமீட்டரில் வேகனை நெருங்குகிறீர்கள். ‘க்ளிக்’. வேகன் ஒரு மயிரிழைகூடப் பின்னால் போகக்கூடாது. போனால் மறுபடி. நாலு வேகனுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். எண்பது வேகன் வட்டம் சுற்றுவதைவிட இதில் எனக்கு நிறைவு அதிகம்.

தொடங்க நினைக்கிறவர்களுக்கு: ஒரே ஓர் எஞ்சின் வாங்குங்கள், போகிக்கு இரண்டு அச்சுள்ளதாக. ஆறு அச்சு எஸ்.டி.40-2 கம்பீரமானதுதான், வளைவுக்கு இடம் கேட்கும். நம் வீடுகளில் இடம் ஏது? அமெரிக்காவிலிருந்து வரும் 120 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரை நம் 230 வோல்ட்டில் சொருகிவிடாதீர்கள்; இங்கேயே தகுந்த அடாப்டர் கிடைக்கும். பணத்தை இரண்டாவது எஞ்சினில் போடாமல் நல்ல தண்டவாளத்திலும் நல்ல பாயிண்டிலும் போடுங்கள்.

இடத்துக்கு ஒரு வழி இருக்கிறது. 1970-களில் கலிஃபோர்னியாவில் என்-டிராக் என்று ஒரு முறை தொடங்கினார்கள். ஆளுக்கு ஒரு மேசைத்துண்டு, நாலடி நீளம். ஓரங்களில் தண்டவாளம் எந்த இடத்தில் வரவேண்டும் என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துக்கொள்ளவேண்டும். நடுவில் அவரவர் ஊர். கூடும் நாளில் ஒரு கூடத்தில் கொண்டுவந்து கோத்தால் அறை நீளத்துக்கு ரயில்பாதை. நம் ஊரில் ஆங்காங்கே அலமாரியில் எஞ்சின் வைத்திருக்கிற ஐந்தாறு பேரை எனக்கே தெரியும். ஆளுக்கு ஒரு மேசை செய்யலாம். நூலகத்தார் மாதத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல் இந்த அறையைக் கொடுத்து உதவவேண்டும் என்று தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன். பின்வரிசையில் இருக்கும் ஐயாமார்களிடமும் ஒரு விண்ணப்பம்: உங்களில் ஷண்டிங் பார்த்தவர்கள், டீசல் ஓட்டியவர்கள் இருக்கிறீர்கள். வேகனை நோகாமல் எப்படிக் கோப்பது என்று நாங்கள் புத்தகத்தில் படித்துப் பழகியிருக்கிறோம். நீங்கள் கையால் செய்தவர்கள். த்ராட்டிலைப் பிடித்து எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வாருங்கள். கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்கிறேன், பெயரும் தொலைபேசி எண்ணும் கொடுத்துவிட்டுப் போங்கள்.